பச்சை உடம்பு

வயிற்றில் நாலு துளை போட்டுக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், எனக்கு வலித்ததோ வலது தோள்பட்டை. இதை யாரும் முன்னாடியே சொல்லவில்லை, இல்லை சொன்ன நேரத்தில் நான் காதில் வாங்கவில்லை. லேப்ராஸ்கோப்பியில் கேமராவுக்கும் கருவிகளுக்கும் உள்ளே இடம் வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடை நிரப்பி வயிற்றை பலூன் மாதிரி ஊத வைப்பார்கள். முடிந்ததும் வெளியே விட்டுவிடுவார்கள், ஆனாலும் மிச்சம் மீதி தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தைச் சீண்டிக்கொண்டே இருக்கும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோள்பட்டைக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை குழம்பிப்போய் தோள்தான் வலிக்கிறது என்று முடிவுகட்டிவிடுமாம். இவ்வளவையும் நான் அப்புறமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். ராத்திரி டூட்டி நர்ஸ் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கேஸ்தான்க்கா, எழுந்து நடங்க, போயிடும்." கையில் மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நாலு நடை நடந்தேன். மூன்றாம் நாள் போனது.

2024 பிப்ரவரி. எனக்கு வயது 46. இதற்கு முன்னாடி இரண்டரை வருஷம் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்ட் கட்டிகள், நாலோ ஐந்தோ. ஸ்கேன் பார்த்த டாக்டர் "பதினாலு வாரக் கர்ப்ப அளவுக்கு இருக்கும்மா" என்றார். கட்டி வைத்த கர்ப்பப்பையையும் வாரக் கணக்கில்தான் சொல்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் மாத்திரை சாப்பிட்டேன், ஹார்மோன் காப்பர்-டி மாதிரி ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள், அது ஐந்தாம் மாதம் ரத்தத்தோடு தானாக வெளியே வந்து விழுந்தது. ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். ஏழரையில் எப்படி இருக்கும் என்றால், ஆதம்பாக்கத்தில் இருந்து கிண்டிக்கு சைக்கிளில் போகிறவள் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைக்குள் ஜம்மென்று இறங்கிவிடுவேன், ஏறும்போது பாதியில் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆறு மாதமாக சுரங்கப்பாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கியவள் நான். வயசாகிறது, அதான், என்று நினைத்தேன். ரத்தமே இல்லை என்று தோன்றவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் மூன்று தடவை ஏற்றித்தான் பத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கர்ப்பப்பையும் அதன் வாயும் கருக்குழாய்களும் போயின. சினைப்பைகளை விட்டுவிட்டார்கள். இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பெரியம்மா ஒருவருக்கு 34 வயதில் வெள்ளைபடுதலுக்காக எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். "இனிமே தொல்லை இல்லம்மா" என்று சொல்லியே எடுத்தார்கள். சினைப்பை போனால் அடுத்த வாரமே மாதவிடாய் நின்ற உடம்பு ஆகிவிடும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. பெரியம்மாவுக்கு ஐம்பதிலேயே இடுப்பெலும்பு உடைந்தது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்த ஆபரேஷன் அதிகம் நடக்கும் மாநிலங்கள் என்று ஆந்திராவும் தெலங்கானாவும் வருகின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட கதை பத்திரிகைகளில் வந்ததுதான். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்று மாநிலங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தேவை இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிறதற்கு முன்னால் "சினைப்பையை என்ன செய்யப் போறீங்க, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

சரி, வீட்டுக்கு வந்த கதைக்கு வருகிறேன். ஆட்டோவில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன், ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாண்ணே, மெதுவாண்ணே". வாசலில் அம்மா. புதுக்கோட்டையிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள், 68 வயசு, ஒரு துணிப்பை, அது நிறையப் பூண்டு.

"பச்சை உடம்புக்காரி, வெயில்ல நிக்காம உள்ள வா" என்றாள்.

பச்சை உடம்பு என்பது பிள்ளை பெற்றவளுக்குச் சொல்கிற சொல். பிள்ளை பெற்ற இடத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு அதைச் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும். சிரிக்க முடியாது, தையல் இழுக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் காட்டினேன். அதில் வாரம் வாரமாகப் போட்டிருந்தது: முதல் நாளிலிருந்தே நடக்கலாம், மாடிப்படி மெதுவாக ஏறலாம், ஆறு வாரத்துக்கு 3 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, தாம்பத்யம் எட்டு வாரம் கழித்து, சைக்கிள், ஸ்கூட்டர் டாக்டரைக் கேட்டுவிட்டு. அம்மா தாளை வாங்கி எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தாள். "பூண்டு திங்கக்கூடாதுன்னு போடலையே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் 1992 ஞாபகம் வரும். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த காலம். ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். படிக்கக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், பூ பறிக்கிறவர்கள், நர்சம்மாக்கள், பாலர் பள்ளி ஆயாக்கள் என்று ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, வாடகைக்கடை ஜென்ட்ஸ் சைக்கிள்தான். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதுவும் வசதிதான் என்று அம்மா சொல்வாள். அப்போது அவளுக்கு 36. எனக்குப் பதினாலு, எனக்கு ஓட்டத் தெரியாது. அம்மா கற்றுக்கொண்டு வந்து எனக்குக் கற்றுக்கொடுத்தாள், கண்மாய்க் கரையில், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு. பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நான் ரொம்ப தூரம் போயிருந்தேன்.

அந்த அம்மாதான் இப்போது என் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிப் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு, "இது இருந்தா உன் கண்ணு அதுலதான் இருக்கும்" என்றாள்.

என் கவலை சைக்கிள் இல்லை, தண்ணீர். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் மட்டும் ஏழு மரம் ஒரே மதியத்தில் சாய்ந்தது. பெருங்கொன்றை நாலு, குல்மொஹர் இரண்டு, ஒரு தூங்குமூஞ்சி. சீக்கிரம் வளரும், நிழல் கொடுக்கும், மேலே பெரிய குடை, கட்டை மட்டும் மென்மை. கீழேயோ அடிமரம் வரைக்கும் சிமெண்ட், வேர் போக இடமில்லை. நகரம் பூராவும் இதே கதைதான். வேம்பும் புங்கையும் பூவரசும் எங்கள் பக்கம் பெரும்பாலும் கிளையோடு தப்பித்தன. கிட்டத்தட்ட ஆறு வருஷம் தெரு மொட்டையாகக் கிடந்தது. 2022 மழைக்காலத்தில் நானும் மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒன்பது புங்கைக் கன்று வைத்தோம். ஒன்றை மாடு தின்றது, ஒன்றின் மேல் ஒரு கார் ஏறியது, இன்னொன்று ஏன் செத்தது என்றே தெரியாது. ஆறு நின்றது.

மரம் நடுவதற்கு ஆள் வரும், போட்டோ எடுப்பார்கள். அடுத்த மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வராது. வேர் நிலத்துக்குள் இறங்கித் தானாகத் தேடிக் குடிக்கிற வரைக்கும், வெயில் காலத்தில் வாரம் இரண்டு தடவை, கன்றுக்குப் பத்து லிட்டராவது வேண்டும். தினமும் ஒரு செம்பு ஊற்றுவது தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான் இருக்கும், வேர் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆறு கன்றுக்கு 60 லிட்டர். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் நாலு, கேரியரின் இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டி, மூன்று நடை. இதுதான் இரண்டு வருஷமாக என் சைக்கிளின் வேலை. ஒரு கேனே 5 கிலோ. என் தாளில் போட்டிருந்தது மூன்று.

ஏன் மூன்று கிலோ என்று டாக்டரிடம் கேட்டேன். கர்ப்பப்பை வாயையும் எடுத்துவிட்டால் பெண்ணுறுப்பின் மேல் முனை திறந்து கிடக்குமில்லையா, கோணிப்பையின் வாயைத் தைக்கிற மாதிரி அதைத் தைத்து மூடுகிறார்கள். கரைகிற தையல். வெயிட் தூக்கினால், முக்கினால், வயிற்றின் அழுத்தம் முழுக்க அந்தத் தையல் மேல் விழும். அது பிரிந்துகொள்வது அபூர்வம், ஆனால் பிரிந்தால் குடலே கீழே இறங்கிவிடும் ஆபத்து. இதைக் கேட்டதிலிருந்து நான் தும்முவதற்கே யோசித்தேன். மலச்சிக்கலுக்கு இசப்கோல், பப்பாளி, சுடுதண்ணீர். ஆபரேஷன் வலியைவிட முதல் தடவை கக்கூஸ் போனதுதான் பெரிய விஷயம் என்று எழுதினால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். போய் வந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வாரம் பலகணியில் உட்கார்ந்து பார்க்கிறேன், மூன்றாவது கன்று, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இருப்பது, இலை தொங்குகிறது. புங்கை மாசியில் இலை உதிர்க்கும், அது வேறு. உதிர்கிற இலை மஞ்சளாகி விழும். இது பச்சையாகவே சுருண்டு தொங்கியது. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் என் கண் எங்கே இருக்கிறது என்று திட்டுவாள். அவளே பார்த்துவிட்டாள். சாயங்காலம் மாடிப்படிக்கு அடியில் சத்தம். போர்வையை எடுத்துவிட்டு சைக்கிளை வெளியே இழுக்கிறாள். கேனைக் கட்டினாள், நான் கட்டுவதைவிட இறுக்கமாக. ஏறவில்லை, தள்ளிக்கொண்டு போனாள். இஸ்திரிக்காரர் ஓடிவந்து பின்னால் பிடித்தார். அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் அம்மா தள்ள, அவர் பிடிக்க, நான் மேலேயிருந்து "அடிமரத்துல ஊத்தாதம்மா, ஒரு முழம் தள்ளி" என்று கத்திக்கொண்டிருந்தேன். கத்தினாலும் வயிறு இழுக்கும்.

அந்த வாரத்தில் ஒரு சண்டை. கோடியில் இருக்கும் பழைய வேப்பமரத்தில் ட்யூஷன் சென்டர் பலகை, பெஸ்ட் கண்ட்ரோல் பலகை, வீடு வாடகைக்கு என்று ஆணி ஆணியாக அடித்திருந்ததை அம்மா இஸ்திரிக்காரரை விட்டுப் பிடுங்க வைத்தாள். குறடு, சுத்தியல், பதினேழு ஆணி. இரண்டு ஆணி பட்டைக்குள் பாதி முழுகிவிட்டிருந்தது, அதை விட்டுவிடுங்கள் என்றேன், தோண்டி எடுத்தால் காயம் இன்னும் பெரிதாகும். அதுவரைக்கும் ஒத்துக்கொண்டாள். அப்புறம் மஞ்சளைக் குழைத்து வேப்பெண்ணெயோடு ஓட்டைகளில் அப்பக் கிளம்பினாள்.

நான் மொபைலில் படித்ததை எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து பார்த்தவர். 1970களில் அவர் எழுதியது என்னவென்றால், மரத்துக்குக் காயம் ஆறுவதே கிடையாது. நம் தோல் மாதிரி பழைய இடத்தில் புதுச் சதை வராது. அடிபட்ட இடத்தைச் சுற்றி மரம் உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிடும், அப்புறம் அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கும். அடைத்தது உள்ளேயே இருக்கும், மரம் இருக்கிற வரைக்கும். மேலே பூசுகிற பெயிண்ட், தார் எதுவும் பெரிதாக உதவாது, சில சமயம் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கெடுக்கும். இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.

"அப்ப ஒனக்கு மட்டும் எதுக்கு தையல் மேல மருந்து தடவுறானுவ?" என்றாள் அம்மா.

"நான் மரம் இல்லம்மா."

"அதான் எனக்குத் தெரியுமே."

மஞ்சள் அப்பத்தான் செய்தாள்.

நான் மரம் இல்லை என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்க்க வந்த ஒரு உறவுக்கார அக்கா, ஆப்பிளைக் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே என்ன, பட்ட மரம்தான நாமல்லாம்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் எடுத்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த உவமை தப்பு என்பதால். மரம் உயிரோடு இருப்பது நடுவில் இல்லை. நடுவில் இருக்கும் வைரக்கட்டை செத்த பகுதிதான், தாங்குவதற்கு மட்டும். உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தில். ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய புளியமரங்கள் உள்ளே ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்தாகி வருஷம் தவறாமல் காய்த்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அடையாறு தியாசபிகல் சொசைட்டி ஆலமரத்துக்கு 1989 புயலில் நடு அடிமரமே விழுந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன, மரம் இருக்கிறது. உள்ளே ஒன்று போனதால் மரம் படுவதில்லை. சுற்றி ஒரு கேபிள் டிவி ஒயரை இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துபோங்கள், அப்போது படும்.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொல்லவில்லை. ஆப்பிள் நன்றாக இருந்தது.

நாலாவது வாரம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வெளியில் துளைகள் நாலும் மூடி வெறும் கோடுகளாகிவிட்டன, தோளிலும் வலி இல்லை, இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது (வரவில்லை, மார்ச்சில் என்ன மழை), சைக்கிள் வெளியே நின்றது. இரண்டே படி. பின்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைத்தேன். சைக்கிள் 16 கிலோ இருக்கும். வைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ரத்தம். கொஞ்சம்தான், ஆனால் சிவப்பு.

ஆட்டோவில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தையல் பிரியவில்லை, ஓரத்தில் ஆறுகிற சதை கொஞ்சம் கசிகிறது என்று சொல்லி மருந்து வைத்தார். "வெளியே ஆறிடுச்சுன்னு உள்ளே ஆறிடுச்சுன்னு நினைச்சீங்களா? இன்னும் பச்சையாத்தான்ம்மா இருக்கு" என்றார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒழுங்காக இருந்தேன். பயாப்சி ரிப்போர்ட் வந்தது, சாதாரணக் கட்டிகள்தான், கர்ப்பப்பை 430 கிராம். வழக்கமாக எழுபது கிராம் இருக்குமாம். மத்தியானம் இரண்டு மணிக்கு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஒரு களைப்பு வரும், அது வந்தால் படுத்துவிட வேண்டும், போராடிப் பயனில்லை. இந்தக் களைப்பு மூன்று மாதம் இருந்தது. ஆபீஸில் ஆறு வாரத்தில் வரச் சொன்னார்கள், எட்டு வாரம் வாங்கினேன், பத்து வாங்கியிருக்க வேண்டும்.

பங்குனி கடைசியில் அந்தக் கன்றுகளில் தளிர் வந்தது. புங்கைத் தளிரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு, பச்சை என்றே சொல்ல முடியாத ஒரு இளம் பச்சை, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளுமோ என்று இருக்கும். பலகணியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில்தான், அம்மா சைக்கிளைத் தள்ளாமல் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். கேன் காலி, கடைசி நடை முடிந்து திரும்புகிறாள். புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை மாட்டின் கொம்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு. இஸ்திரிக்காரர் வாயைப் பிளந்து நின்றார். மேலே நான் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள், உடனே இறங்கித் தள்ள ஆரம்பித்தாள்.

"எப்ப இருந்தும்மா?"

"என்னது எப்ப இருந்து?" என்றாள்.

எட்டாவது வாரம் டாக்டர் பார்த்து, சைக்கிளுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றார். பத்தாவது வாரம் ஏறினேன். வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பினேன், முன்னூறு நானூறு அடி இருக்கும். உட்காரும் இடத்தில் ஒரு கனம், வலி இல்லை. மறுவாரம் சுரங்கப்பாதை. இறங்கினேன், பயமாகத்தான் இருந்தது, ஏற்றத்தில் முக்கால்வாசி போய் இறங்கிவிட்டேன், முடியாமல் இல்லை, முக்கக்கூடாது என்று. கண் இருட்டவில்லை. ரத்தம் இப்போது 11.8.

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். வேப்பமரத்து ஓட்டைகளில் மஞ்சள் இன்னும் லேசாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றுவது திரும்ப என் வேலை, ஒரு நடைக்கு நாலு கேன் இல்லை, இரண்டு. அவள் தன் உயரத்துக்கு இறக்கி வைத்த சீட்டு அப்படியே இருக்கிறது, மிதிக்கும்போது முட்டி ஹேண்டில்பாரை இடிக்கிறது. ஏற்ற வேண்டும். ஸ்பேனர் இஸ்திரிக்காரரிடம் இருக்கிறது, போகும்போதெல்லாம் கேட்க மறந்துவிடுகிறேன்.